நாற்பத்து மூன்றில் ஒன்று

என் வீட்டுக்காரர் முன்ஜிக்கு இரண்டு வேலை. ஒன்றில் காசு வரும், இன்னொன்றில் வசவு வரும். காசு வருகிற வேலை, வட ஆப்பிரிக்கக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் மஹ்தியா ஊரில், கோட்டை வாசலைத் தாண்டியதும் இடதுபக்கம் இருக்கிற எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் கண்ணைப் பார்ப்பார், நான் கல்லாவைப் பார்ப்பேன். வசவு வருகிற வேலை, இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒன்றைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று, கல்யாண வீட்டில் சமைத்துப் பழகிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு கை உப்பைப் போடுவார்கள். அந்த உப்பை எடுக்கிற வேலைதான் என் வீட்டுக்காரருக்கு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் பூனைகூட நடமாடாது. கடையைப் பாதி சாத்திவிட்டு, சோதனைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்காருவார். ஆரம்பம் சாதாரணமானதுதான். எங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் பார்க்கப் போனார். இந்தக் கோட்டையைக் கட்டியது வேறு ஏதோ ஊர்க்காரர்கள் என்று எவனோ எழுதி வைத்திருந்தான். முன்ஜி திருத்தினார். மறுநாள் பார்த்தால் பழையபடி அதே பொய். திரும்பத் திருத்தினார். அன்றைக்கு உட்கார்ந்தவர் பதினோரு வருஷம் எழுந்திருக்கவில்லை.

அங்கே அவருக்குப் பெயர் ஃபனார். எங்கள் ஊரில் கடலோரக் கபரஸ்தானின் நடுவில் நிற்கிற கலங்கரை விளக்கத்தை அப்படித்தான் சொல்வோம். மத்தி மீன் பிடிக்கப் போன அவருடைய அப்பா அதைப் பார்த்துத்தான் கரைக்குத் திரும்புவார். பெயர் ராசியோ என்னவோ, சில வருஷங்களில் அவரையே நிர்வாகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கங்களைப் பூட்டலாம், அடாவடி செய்கிறவர்களைத் தடுத்து வைக்கலாம். அந்த அதிகாரத்தை அவர் சாவி என்பார். "சாவி குடுத்திருக்காங்க நஸீஹா" என்று அவர் வந்து சொன்னபோது, வீட்டுச் சாவியையே மாசத்துக்கு ஒருமுறை தொலைக்கிற மனுஷனிடமா என்று கேட்டேன். அதற்குக்கூடச் சிரித்தார், அவ்வளவு சந்தோஷம்.

அடாவடிக்காரர்களில் பல வகை உண்டு என்பதை அவர் புலம்பலைக் கேட்டே தெரிந்துகொண்டேன். வாத்தியார் ஒரு கழுதை என்று எழுதிவிட்டு ஓடுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகை. அவர்களை அவருக்குப் பிடிக்கும். தன் கால்பந்து அணிக்கு வாங்காத கோப்பையை எல்லாம் வாங்கிக் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. அப்புறம் ஸக்ர் என்று ஒருவன். வட ஆப்பிரிக்காவில் இருக்கிற எல்லா ஊர்களையும் தன் பாட்டனார் வம்சம்தான் உண்டாக்கியது என்று எழுதுவான். தடுத்தால் புதுப் பெயரில் வருவான். எந்தப் பெயரில் வந்தாலும் கடைசியில் "இதுவே உண்மை" என்று முடிப்பான், இவர் பிடித்துவிடுவார். "உன் பொண்டாட்டி உனக்குச் சோறு போடறதில்லையா, எந்நேரமும் இங்கயே கெடக்கறே" என்று அவன் ஒருமுறை எழுதியதைப் படித்துக் காட்டினார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

ஆனால் அவர் உண்மையில் வெறுத்தது எண்ணை மாற்றுகிறவர்களை. வசவு எழுதினால் கண்ணில் படும், துடைத்துவிடலாம். ஒருவன் சத்தமில்லாமல் வந்து ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவார்கள். "கண்ணாடிக்கு எழுதிக் குடுத்த நம்பரக் கால் பாயிண்ட் மாத்திவெச்ச மாதிரி. போட்டுக்கிட்டவனுக்கு ஏன் தலை வலிக்குதுன்னே தெரியாது" என்பார். எண்ணை மாற்றுகிறவர்களுக்கு அனுப்புவதற்கென்றே ஓர் எச்சரிக்கையை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார்.

"அன்பரே, உங்கள் நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததை நாம் இங்கே எழுதுவதில்லை. மற்றவர்கள் சரிபார்க்கக்கூடியதை மட்டுமே எழுதுகிறோம். சான்றில்லாமல் எண்களை மாற்றுவதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள்."

"டேய் நிறுத்துன்னு ஒரு வார்த்தை போட்டா போதாதா?" என்றேன்.

"அவனும் மனுஷன்தானே" என்றார்.

அந்த வாசகம் எல்லோருக்கும் பிடித்துப்போய், மற்ற நிர்வாகிகளும் அதையே எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். மொரோக்கோவிலிருந்து ஓமன் வரைக்கும் எந்த அடாவடிக்காரனுக்கும் என் வீட்டுக்காரரின் மரியாதைதான் போய்ச் சேர்ந்தது.

பிறகு அந்தப் பிப்ரவரி வந்தது. படகு கவிழ்ந்தது.

எங்கள் கரையிலிருந்து இத்தாலிக்குத் திருட்டுப் படகில் போவது புதிதில்லை. ஆனால் அந்தப் படகில் போனவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அதில் ஷிஹாப் ஒருவன். மத்தி டின் அடைக்கிற ஆலையில் வேலை பார்க்கிற வஸீலாவின் ஒரே மகன். எங்கள் மகன் அனீஸும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் விசாவுக்கு எழுதிப் போட்டார்கள். அனீஸுக்குக் கிடைத்தது, விமானம் ஏறி லியோனுக்குப் படிக்கப் போனான். ஷிஹாபுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் அம்மாவிடம் சொல்லாமல் படகு ஏறிவிட்டான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒரு ரப்பர் முத்திரைதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வஸீலாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

அவன் உடல் கிடைக்கவில்லை. வஸீலா துக்கத்துக்கு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். நாற்பதாம் நாள் துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார அவள் தம்பிகள் வாசலில் நாற்காலி கொண்டுவந்து போட்டபோது, ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள், கொடுக்க மாட்டேன் என்றாள். "ரத்தம் குடுத்தா அவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்று ஆலையில் சொன்னாளாம்.

படகைப் பற்றிய பக்கத்தை எழுதியது முன்ஜிதான். நம்ம ஊர்ப் பிள்ளைகள், கண்டவன் கையில் விடக்கூடாது என்றார். செய்தித்தாள்களை எல்லாம் பார்த்து, கடைசியாக வந்த எண்ணைப் போட்டார். இறந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

சில மாதம் போனது. ஒருநாள் மதியம் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ அந்த நாற்பத்து மூன்றை நாற்பத்து இரண்டு ஆக்கியிருக்கிறார்கள். பெயர் இல்லை, காரணம் இல்லை. பழையபடி மாற்றினார், எச்சரிக்கையை அனுப்பினார். மறுநாள் திரும்ப நாற்பத்து இரண்டு. அதற்கடுத்த நாளும். அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"செத்த பிள்ளைங்க கணக்குலயா வெளையாடறது?" என்றார். "எவனோ உக்காந்துகிட்டுத் தமாஷ் பண்றான் நஸீஹா. ஒண்ணே ஒண்ணு கொறைக்கறான். நாம கவனிக்கறோமான்னு பாக்கறான்."

பெயரில்லாமல் எழுதுகிறவர்களை அவர்களுடைய இணைய முகவரியை வைத்துத்தான் தடுக்க முடியும். இவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முகவரி. தடுத்துத் தடுத்துப் பார்த்தார். கடைசியில், புதியவர்கள் யாரும் தொட முடியாதபடி பக்கத்தையே பூட்டிவிட்டார். அன்றைக்கு எனக்குப் புதினாத் தேநீர் போட்டுக் கொடுத்தார், சண்டையில் ஜெயித்த மாதிரி. "ஆச்சு. இனி அவனால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அந்த வாரமே வஸீலா கடைக்கு வந்தாள்.

உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தாள். முன்ஜி எழுந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கண்ணைச் சோதித்தார்.

"கண்ணு எரியுதுண்ணே" என்றாள்.

"நம்பர் ஏறியிருக்கும்மா. போனை ரொம்பப் பாக்கறியா?"

"பாக்காம? அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தெரியும்னாங்க. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்."

போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அவருடைய பக்கம். படகு, தேதி, நாற்பத்து மூன்று.

"இத என் தங்கச்சி மகதான் காட்டினா. பென்சில் படத்தைத் தொட்டா மாத்தலாம் பெரியம்மான்னா. நானும் நாப்பத்தி ரெண்டுன்னு சரி பண்ணி வெப்பேன். டீ கொதிக்கறதுக்குள்ள திரும்ப மூணாக்கிடுவான் ஒருத்தன். ஃபனாராம் பேரு. வேலை வெட்டி இல்லாத பய. ஒரு தாய் வயித்துல பொறந்திருந்தா இப்படிச் செய்வானா? நானும் விடல. இப்பப் பாருங்க, பென்சிலயே எடுத்துட்டுப் பூட்டைப் போட்டுட்டான்."

நான் கல்லாவில் இருந்தேன். என் கையில் இருந்த துணியை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன்.

முன்ஜி அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். "ஏன் நாப்பத்தி ரெண்டு?" என்று கேட்டார்.

"ஷிஹாப் அதுல இல்லல்ல" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "படகுல போனான், அது நெசம். நான் இல்லேங்கல. ஆனா மௌத்துன்னா ஒரு ஜனாஸா, ஒரு உடம்பு இருக்கணும். எனக்கு யாரும் காட்டல. மத்த நாப்பத்தி ரெண்டு பேரைப் பத்தி நான் ஒண்ணும் பேசல, அது அவங்கவங்க அம்மா சொல்லணும். என் கணக்கை மட்டும்தான் நான் சரி பண்றேன்."

"எச்சரிக்கைன்னு எதாவது வந்துச்சா உனக்கு? எழுத்துல?"

"எனக்கு என்ன வந்துச்சு? ஒண்ணும் வரல. கேட்டா சொல்லியிருப்பேனே. ஒருத்தன்கூடக் கேக்கல."

"பாக்கறேன் வஸீலா" என்றார். அவள் கண்ணாடியை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நான்தான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். தான் அனுப்பிய எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். போனில் எழுதுகிறவர்களுக்கு முகவரி மாறிக்கொண்டே இருக்கும். இவர் அனுப்பிய எச்சரிக்கைகள் எல்லாம் அவள் விட்டுப்போன முகவரிகளுக்குப் போய்க் கிடந்திருக்கின்றன. பூட்டிய வீட்டு வாசலில் நின்று மரியாதையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

"ஒண்ணுகூட அவகிட்ட போகல நஸீஹா" என்றார். "அன்பரே அன்பரேன்னு எழுதினேன். யாருக்கு எழுதினேன்?"

அப்புறம் அவர் செய்ததைத்தான் இன்றுவரை யாராலும் நம்ப முடியவில்லை. பூட்டைத் திறந்தார். ஃபனார் என்கிற தன் பெயரிலேயே, சான்று எதுவும் போடாமல், நாற்பத்து மூன்றை நாற்பத்து இரண்டு ஆக்கினார்.

ஸக்ர் புதுப் பெயர் ஒன்றில் எங்கேயோ காத்துக்கொண்டிருந்திருக்கிறான். உடனே வந்து நாற்பத்து மூன்றைத் திரும்பப் போட்டான். "ஃபனார் அவர்களே, சான்று எங்கே? ஊருக்குத்தான் உபதேசமா? நாற்பத்து மூன்று பேர், இதுவே உண்மை" என்று எழுதினான். பதினோரு வருஷத்தில் அவன் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சரி. முன்ஜி திரும்ப மாற்றினார். அவன் திரும்பப் போட்டான். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் ஒரே பக்கத்தை இழுத்துக்கொண்டு நின்றால் யாராக இருந்தாலும் தடை என்பது அவர்களுடைய விதி. அதை இவரும் சேர்ந்துதான் எழுதினார். நான்காவது தடவையும் மாற்றினார். நான் பக்கத்தில் நின்று, "போதும், விடுங்க" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

தடை வந்தது. போட்டது உம்மு யஸன், இர்பித் என்கிற தூரதேசத்து ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிற அம்மாள், அவரோடு வருஷக்கணக்காக நிர்வாகியாக வேலை செய்கிறவர். ஒரு நாள் தடை. அதோடு சேர்ந்து அந்த வாசகம் வந்தது. அன்பரே, உங்கள் நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததை நாம் இங்கே எழுதுவதில்லை.

தான் எழுதியதைத் தானே வாய்விட்டுப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அப்பா மௌத்தானபோது ஒரு தடவை, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

சாயங்காலம் உம்மு யஸன் போன் செய்தார். முன்ஜி ஸ்பீக்கரில் போட்டார்.

"உஸ்தாத், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? உங்க எழுத்தையே உங்களுக்கு அனுப்ப வெச்சிட்டீங்களே."

"சரியாத்தான் செஞ்சீங்கம்மா."

"எதுக்கு அந்த நாப்பத்தி ரெண்டு? ஏதாவது சான்று இருக்கா?"

"ஒரு அம்மா இருக்கா."

"அம்மா சான்று இல்லியே உஸ்தாத்" என்றார், மெதுவாக.

"இல்லதான். எனக்குத் தெரியாதா?"

முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மாளும் அழுதார் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு நிர்வாகி குரலுக்குத் திரும்பினார். "உடம்பு கெடைக்கலன்னா அந்தப் பையன் பேர் எப்படி இறந்தவங்க கணக்குல வந்துச்சு? முதல் வாரத்துச் செய்தி எதையாவது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவ்வளவு நுணுக்கமான மனுஷன் பார்க்கவில்லை. கடைசியாக வந்த எண்தான் சரியான எண் என்று எடுத்துப் போட்டிருந்தார். உம்மு யஸன் பழைய செய்திகளைத் தோண்டினார். கரைக்கு வந்த உடல்கள் முப்பத்தொன்று, கிடைக்காதவர்கள் பன்னிரண்டு பேர் என்று முதல் வாரத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அலுத்துப்போன பிறகு செய்தித்தாள்கள் இரண்டையும் கூட்டிவிட்டன. அவர் சான்றோடு அந்த வரியை மாற்றி எழுதினார். இறந்தவர்கள் முப்பத்தொரு பேர், காணாமற்போனவர்கள் பன்னிரண்டு பேர். ஸக்ரும் அதற்குப் பிறகு அந்த வரியைத் தொடவில்லை.

"இத நீங்க மொதல்லயே தேடியிருக்கலாமே" என்று நான் கேட்டேன்.

"அன்னிக்கு எனக்குச் சான்று தேடத் தோணல. அவ எத்தனை தடவை நாப்பத்தி ரெண்டாக்கினாளோ அத்தனை தடவை நானும் ஆக்கணும்னு தோணுச்சு" என்றார்.

தடை முடிந்த அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. உம்மு யஸன் வேண்டாம் என்று எழுதினார், இன்னும் பல ஊர்களிலிருந்து எழுதினார்கள். மதியத்தில் கடையைப் பாதி சாத்துவது நின்றது. அத்தனை வருஷம் அந்தக் கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்று திட்டியவள் நான். அது அணைந்து கிடந்ததைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

வஸீலா கண்ணாடியை வாங்க வந்தாள். முன்ஜி மூக்கில் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைவைச் சரிபார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, "படி" என்றார்.

அவள் உதட்டை அசைத்துப் படித்தாள். "காணாமப் போனவங்க பன்னெண்டு" என்றாள். இன்னொரு தடவை படித்தாள். "இதுல இருக்கான்" என்றாள். "இது சரி. இது பொய் இல்ல. அவன் மனசு எறங்கிட்டானா, அந்த ஃபனாரு?"

நான் கல்லாவிலிருந்து அவரையே பார்த்தேன். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நான்தாம்மா அது" என்றார்.

"எது?"

"ஃபனார்."

அவள் புதுக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். "நீங்களாண்ணே?"

"நான்தான்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள். "அனீஸ் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வார்த்தையில் ஒரு துளி விஷம்கூட இல்லை. அதனால்தான் எங்களால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கோடை முடிந்து, ஆலையில் மத்தி வரத்துக் குறைகிற காலத்தில் அவள் திரும்ப வந்தாள். கண்ணாடி கேட்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

"ரத்தம் குடுத்தேண்ணே" என்றாள்.

முன்ஜி கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"செத்துட்டான்னு எழுதி வெச்சிருந்த வரைக்கும் எனக்குச் சண்டை போட ஒருத்தர் இருந்தீங்க. தெனம் எந்திரிச்சா அந்த வேலை இருந்துச்சு. காணோம்னு எழுதினதுக்கு அப்புறம் எனக்கு வேலை இல்ல. காணோம்னா தேடத்தானே வேணும்? வீட்டுல உக்காந்துகிட்டு என்ன பண்றேன்னு தோணுச்சு. போய்க் குடுத்தேன்."

"வஸீலா..." என்றேன்.

"ஸ்ஃபாக்ஸ்ல இருக்கான். நம்பர் போட்ட கபர்ல. போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க." வீங்கியிருந்த கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம கடலுல போனவன் அவ்வளவு தூரம் தெக்க போயிருக்கான் பாருங்க. இங்க கொண்டுவர எழுதிக் குடுத்திருக்கேன். வந்தா, ஃபனார் பக்கத்துல இடம் குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். காணாமற்போனவர்கள் என்று அந்த வரி மாறியதால்தான் அவள் தேடினாள். தேடியதால்தான் கிடைத்தான். மகன் இல்லை என்ற செய்தியைக் கடைசியில் தானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாக நினைத்தார். அது அநியாயமான நினைப்பு. ஆனால் அவரிடமிருந்து அதை என்னால் பிடுங்க முடியவில்லை.

"கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்துல எண்ண மாத்தணும்மா" என்றார். வேறு என்ன சொல்வது என்று தெரியாத மனுஷன். "முப்பத்திரண்டு, பதினொண்ணு."

"எங்கயாவது பேப்பர்ல போட்டிருக்காங்களா?"

"இல்ல. ஒரு பையனுக்கு யாரு போடுவா?"

"அப்ப சான்று இல்ல" என்றாள் வஸீலா. அந்தப் பக்கத்தில் நடந்த பழைய சண்டையைப் படித்துத்தான் அந்த வார்த்தையைக் கற்றிருப்பாள். "மாத்தாதீங்கண்ணே. வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நாற்காலியும் போட்டாச்சு. அங்க ஒரு எடத்துல மட்டும் அவன் இன்னும் வரலைன்னு இருக்கட்டும்."

மகனைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். முன்ஜி முன்வரிசையில் தோள் கொடுத்துப் போனார். கலங்கரை விளக்கத்திலிருந்து பத்து அடிகூட இருக்காது. அனீஸ் லியோனிலிருந்து வந்து நின்றான். வஸீலா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

குளிர்காலத்தில் ஒரு மதியம். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன், கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தம். சாவி இல்லாவிட்டாலும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். எழுந்து போய்ப் பின்னால் நின்றேன். பெயரில்லாத யாரோ பன்னிரண்டைப் பதினொன்று ஆக்கியிருந்தார்கள். முப்பத்தொன்றை முப்பத்திரண்டு ஆக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரரோ, ஸ்ஃபாக்ஸில் குழி தோண்டினவரோ, உண்மை தெரிந்த யாரோ ஒருவர்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பு என்று தெரிந்த ஓர் எண்ணை வாழ்க்கையில் ஒருநாளும் விட்டுவைக்காதவர்.

பிறகு பழையபடி மாற்றினார். காணாமற்போனவர்கள் பன்னிரண்டு பேர். காரணம் என்கிற கட்டத்தில், சான்று இல்லை என்று எழுதினார். எச்சரிக்கை எதுவும் அனுப்பவில்லை.